பாதுகாக்கப்பட்ட வண்டல்

பிராக்லி ஊரில் எட்னா கிராப்ட்ரீ வீட்டில், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மேலே சுட்டன, கீழே சில்லிட்டன. மூச்சிரைப்புக்காரரான கணவர் வால்டர், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் கோட்டுக்கு மேல் கம்பளியுமாக உட்கார்ந்திருந்தார். பாய்லர்காரர் தாரிக் வந்து ஒரு திருகைத் தளர்த்தினார். தண்ணீர் கஷாயம்போல் கறுப்பாக ஒழுகியது.

“துரு வண்டல்மா. மெஷின மாட்டி அலசிவிட்டா ஒரே நாள்ல வீடு சூடாயிடும்.”

வீடோ அரசின் மரபுக் கட்டடப் பட்டியலில் இருந்தது. ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். எட்னா விண்ணப்பித்தாள். ஆறு வாரம் கழித்து மரபுப் பாதுகாப்பு அலுவலர் பெவரிட்ஜ் வந்தார். வண்டலை ஒரு கண்ணாடிக் குவளையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

“இது எத்தனை வருஷமா உள்ள இருக்கு?”

“ஐம்பது இருக்கும் சார்.”

“அப்போ கட்டடத்தோட அசல் பாகம். கை வைக்கக் கூடாது.”

“சார், அது அழுக்கு!”

“தொன்மையான அழுக்கும்மா.”

“என் வீட்டுக்காரர் நடுங்குறாரே!”

“அவர் எத்தனை வருஷமா நடுங்குறார்?”

எட்னா உஷாரானாள். “இந்தக் குளிர்காலம்தான் சார்.” வருஷத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் வால்டரையும் பட்டியலில் சேர்த்திருப்பார்.

ஆணை வந்தது: ‘மேற்படி வண்டலை அகற்றுவதோ, அழிப்பதோ, அதன் அமைதிக்குப் பங்கம் விளைவிப்பதோ குற்றமாகும்.’ வாசலில் மரபுச் சின்னம் என்று அறிவிக்கும் நீலத் தகடு ஒன்றும் பதித்தார்கள்.

தகட்டைப் பார்த்ததிலிருந்து எதிர்வீட்டு மியூரியலுக்குத் தூக்கமில்லை.

“எங்க வீட்டுல எல்லாம் புதுசு, எட்னா. ஒரு துளி வண்டல் கிடையாது. வர்றவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? ஒரு வாளி கொடேன்!”

எட்னா ஆணையை மறுபடி படித்தாள். பகிர்ந்து கொடுக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பிறகு பெவரிட்ஜுக்குப் போன் செய்தாள்.

“சார், மரபைப் பரப்பலாமா?”

“தாராளமா! அது குடிமக்களோட கடமையாச்சே!”

மறுநாள் தாரிக் மெஷினை மாட்டினார். தெருவே வாளியோடு வரிசையில் நின்றது. வாங்கியவர்கள் அதைத் தங்கள் ரேடியேட்டர்களில் ஊற்றித் தரும்படி அவரையே கெஞ்சினார்கள். சிரிப்பை அடக்கி அடக்கி அவருக்கு விக்கல் வந்துவிட்டது. சாயங்காலம் வால்டர் கம்பளியை விலக்கினார், கோட்டைக் கழற்றினார், ஸ்வெட்டரையும் கழற்றினார். அந்தக் குளிர்காலத்தில் அன்றுதான் எட்னா அவர் சட்டையின் நிறத்தைப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் மறு ஆய்வு நடந்தது. தெருவில் பதினோரு வீடுகளுக்குத் தகடு கிடைத்தது. எட்னாவின் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ‘குறிப்பிடத்தக்க சிறப்பு ஏதுமில்லை, வெறும் கதகதப்பு’ என்று அறிக்கை சொன்னது.

இப்போது மாலையானால் பதினோரு வீட்டுக்காரர்களும் எட்னா வீட்டு விருந்தாளி ரூமில் ரேடியேட்டர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். பெவரிட்ஜும் வருகிறார்.

“இந்த ஒரு வீட்டாலதான் தெருவோட மானமே போகுது” என்றாள் மியூரியல், ரேடியேட்டரை இன்னும் நெருங்கி.

“வருத்தத்துக்குரிய விஷயம்” என்ற பெவரிட்ஜ், இன்னொரு கோப்பை டீ கேட்டார்.

எட்னா வீட்டில் மிஞ்சியிருந்த கடைசி டீயை ஊற்றினாள். மியூரியலை மெல்லச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“உன் வாளியில மிச்சம் ஏதாச்சும் இருக்காடி? ஒரு கரண்டி போதும். விருந்தாளி ரூமுக்கு மட்டும்.”