மூன்றாம் தேர்தல்

ஏரி ஒன்று, மதகு ஒன்று, அந்த மதகுக்குச் சாவியும் ஒன்று என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மக்கள் புளியங்கொட்டையைப் பானையில் போட்டு வாக்களிப்பார்கள். வென்ற கரையாருக்குச் சாவி. தோற்ற கரைக்குச் சொட்டு நீர் கிடையாது. வடகரையார் ஆண்டால் தென்கரை காயும், தென்கரையார் ஆண்டால் வடகரை காயும். கடைக்கோடியில் இருந்த கீழ்மடை மட்டும் பாரபட்சமில்லாமல் எப்போதும் காயும்.

அந்தக் கீழ்மடையில் பிறந்தவள்தான் அரண்மனையின் வியூகக் கணிதர் மாதங்கி. யார் எந்தக் காயை நகர்த்தினால் எதிராளி என்ன செய்வான் என்று கட்டம் போட்டுச் சொல்வது அவள் வேலை. பெற்ற வாக்குக்கு ஏற்பத் தண்ணீரைப் பங்கிடும் சட்டம் வந்தால் தன் ஊருக்கும் நாலு நாள் நீர் வருமே என்று அவளுக்கு ஆசை. ஆனால் தோற்றவர்கள்தான் அந்தச் சட்டத்தைத் தொண்டை கிழியக் கேட்பார்கள். வென்ற மறுநாள் அவர்களுக்கே அது தேசத்துரோகமாகிவிடும்.

கட்டங்களோடு மல்லுக்கட்டி மாதங்கி ஒரு வழி கண்டாள். சட்டம் இப்போதே வேண்டாம், மூன்றாவது தேர்தலிலிருந்து வரட்டும். அப்போது யார் கை ஓங்கியிருக்கும் என்று இன்று எவருக்கும் தெரியாது. தெரியாதவன் பங்குக்குச் சம்மதிப்பான். அவள் நினைத்தபடியே இரு கரையாரும் ஒப்புக்கொண்டார்கள். கீழ்மடையில் வாய்க்காலைத் தூர்வாரி வைத்தார்கள்.

முதல் தேர்தல் வடகரைக்கு, இரண்டாவது தென்கரைக்கு. மூன்றாவது நெருங்கியபோது பேரமைச்சர் திருமேனிநாதர் இரு கரைத் தலைவர்களுக்கும் விருந்து வைத்தார். மறுநாள் சபையில், தேர்தலுக்கு உகந்த அமைதி நாட்டில் இல்லையென்றும், அது வரும்வரை சாவி ஆண்டுக்கொரு கரையிடம் இருக்குமென்றும் அறிவித்தார். எதிர்ப்பே இல்லை.

"பகையாளிகளை ஒரே பந்தியில் உட்காரவைத்த பெருமை தங்களையே சேரும், அம்மையாரே" என்று மாதங்கிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

எல்லா நகர்வுக்கும் கட்டம் போட்டவள், ஆடுகிற இருவரும் சேர்ந்து பலகையையே மடித்துவைப்பதற்குக் கட்டம் போடவில்லை. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஊரில் தாய்மாமன் மாசானம் காய்ந்த வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"நாட்டுல அப்படி என்னம்மா சண்டை நடக்கு?"

"ஒண்ணும் இல்ல மாமா. அமைதியாத்தான் இருக்கு."

"அப்பம் தேர்தல வச்சிர வேண்டியதுதான?"



சட்டம் இன்னும் ரத்தாகவில்லை. மூன்றாம் தேர்தலுக்கான பானைகளை ஆண்டுதோறும் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும் என்பது அரசாணை. கீழ்மடையில் மட்டும், கழுவத் தண்ணீர் இல்லாததால், துணியால் துடைத்துவைக்கிறார்கள்.