வேனை மேம்படுத்திய சங்கம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு போக்குவரத்து வரலாற்றில் நடந்த அடுத்த பெரிய நிகழ்ச்சி, மலேசியாவில் ரெங்கம் வட்டார நல்வாழ்வுச் சங்கத்தின் வேனுக்கு ராக்கர் ஆர்ம் மாற்றியதுதான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயம்.

அந்த வேனை ஓட்டுகிறவர் கனகராஜ். வாரத்தில் மூன்று நாள், சிறுநீரகம் பழுதான நான்கு பேரைக் குளுவாங்கில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். பதினோரு வருஷத்தில் வேன் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. சங்கத் தலைவர் லோகேஸ்வரனுக்கு இதுதான் பெரிய மனக்குறை. ஒழுங்காக ஓடுகிற வேனுக்கு எப்படி விழா எடுப்பது? எதைச் சொல்லி, அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் டத்தோவை அழைப்பது? பாவம், தலைவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

தவத்துக்குப் பலன் யூடியூபில் கிடைத்தது. வால்வை அமுக்கித் திறக்கிற இரும்புக் கைக்குப் பெயர் ராக்கர் ஆர்ம். அந்த வேன் எஞ்சினில் எட்டு உண்டு. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உருளை வைத்த பந்தய ரகத்தை மாட்டினால் வண்டி பறக்குமாம்.

“டயாலிசிஸ்க்குப் போற வேன் எதுக்கு தலைவரே பறக்கணும்?” என்று கேட்டார் கனகராஜ்.

‘எதிர்மறைச் சிந்தனை’ என்று செயலாளர் ரூபினி எழுதிக்கொண்டார்.

சரி என்று மாட்டினார் கனகராஜ். புதுச் சாமான் வந்த பெட்டிக்குள் இருந்த தாளையும் படித்தார். அந்தச் சங்கத்தில் எதையாவது படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவர் ஒருவருக்குத்தான். புதுக் கை வால்வை முன்னைவிட ஆழமாக அமுக்கும். வால்வைத் திரும்ப மூடுகிற பழைய ஸ்பிரிங் அதைத் தாங்குமா என்று தெரிய, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, விழாப் பந்தலில் கேட்டார்: “ஒரு பத்து நிமிஷம் குடுங்க தலைவரே, சுத்திப் பாத்துர்றேன்.”

“பத்து நிமிஷமா? வரவேற்புரையே இருபது நிமிஷம் லா. பன்னெண்டு மணிக்கு டத்தோ மூவாருக்குத் திரும்பணும். நிகழ்ச்சி நிரல்ல சுத்துறது எங்கய்யா இருக்கு?”

நிரலில் இல்லாதது நடக்கக்கூடாது. ஆகவே நடக்கவில்லை. கழற்றிய எட்டு ராக்கர் ஆர்முக்கும் தங்கச் சாயம் அடித்து, மரப் பலகையில் பதித்து, எட்டுப் பிரமுகர்களுக்கு நினைவுச் சின்னமாக வழங்கினார்கள். பிறகு டத்தோ சாவியைத் திருகி மேம்பாட்டை ‘முடுக்கி’ வைத்தார். புகைப்படத்துக்காக ஆக்சிலேட்டரை ஓங்கி ஒரு மிதி. எஞ்சின் டகடகவென்று அலறியது. “பவர்!” என்று கூட்டம் கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் எஞ்சின் ஓய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ‘கோளாறு கண்டறியும் சிறப்புக் குழு’ கூடியது.

“எஞ்சின் மூடியத் தொறந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிரும்” என்றார் கனகராஜ்.

“தொறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணத்தானே கூட்டம்! அவசரப்படாதீங்க கனகு” என்றார் தலைவர்.

வாக்கெடுப்பு நடந்தது. பெட்ரோல் சரியில்லை என்பதற்கு நான்கு ஓட்டு. ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு மூன்று. திருஷ்டிக்கு இரண்டு. ஸ்பிரிங் என்று கை தூக்கிய கனகராஜ் சம்பளத்துக்கு இருப்பவர், அவருக்கு ஓட்டு இல்லை. இப்படி ஜனநாயக முறைப்படி கோளாறு கண்டறியப்பட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றப்பட்டது. ஆனால் எஞ்சின் சங்க உறுப்பினர் அல்லவே, தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை.

வேனில் போகிற நால்வரில் மூன்று பேரை அவரவர் பிள்ளைகள் காரில் கூட்டிப் போய்விட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற வெள்ளையம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை. வாசலில் பையோடு உட்கார்ந்து கனகராஜுக்குப் போன் போட்டார்.

“வேன் வருமாய்யா?”

“கூட்டம் நடக்குது பெரியம்மா.”

புதன் காலை வெள்ளையம்மாவின் கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. குழு அன்றைக்கு இரண்டாவது அமர்வில் இருந்தது. கனகராஜ் பக்கத்து வீட்டுக் காய்கறி லோரியை இரவல் வாங்கி, அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, குளுவாங்குக்கு விரட்டினார். கனகராஜுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

“அந்தப் பத்து நிமிஷத்த நான் சண்ட போட்டாச்சும் வாங்கியிருக்கணும் பெரியம்மா.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டுய்யா” என்றார் வெள்ளையம்மா. அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

நல்லவேளை, உயிர் தப்பியது. அன்று சாயங்காலமே கனகராஜ் எந்தத் தீர்மானமும் இல்லாமல் மூடியைத் திறந்தார். இரண்டு ஸ்பிரிங் நசுங்கி உட்கார்ந்திருந்தன. ராக்கர் ஆர்மைத் தள்ளுகிற கம்பி ஒன்று கொண்டை ஊசி மாதிரி வளைந்திருந்தது. அதற்கெல்லாம் பழைய சாமான் கடையில் மாற்று கிடைத்தது. புதுக் கைக்கு ஏற்ற ஸ்பிரிங் வர ஒரு மாதமாகும் என்றார்கள். அதுவரை பழைய கைதான் கதி. அதுவோ எட்டு வரவேற்பறைகளில் அலங்காரமாக இருந்தது.

வியாழக்கிழமை வீடு வீடாகப் போனார். ஏழு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். மூவாரில் டத்தோவின் மனைவி நெஞ்சில் கை வைத்தார். “அலமாக்! இது டத்தோவோட சேவைக்குக் கிடைச்ச விருதாச்சே!”

“வேனோட சாமான்மா” என்று சொல்லிப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தார். சாயத்தைச் சுரண்டி, மாட்டி, வால்வு இடைவெளி பார்த்து, இரண்டு சுற்றுக்குப் பதிலாக நான்கு சுற்று சுற்றினார். வெள்ளிக்கிழமை வேன் ஓடியது.

சங்கம் சும்மா இருக்குமா? அடுத்த ஞாயிறே ‘வேன் மீட்பு வெற்றி விழா’. தலைவர் முழங்கினார்: “வேனை மீட்ட நம் சங்கம் இத்துடன் ஓயாது! அடுத்த திட்டம், நோயாளிகள் மேம்பாடு! முதல் பயனாளி, நமது வெள்ளையம்மா!” பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார். “சங்கத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா.”

வெள்ளையம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, பதினோரு வருஷமா அந்த வேனும் நானும் யாருக்கும் தொந்தரவில்லாம ஓடிக்கிட்டு இருந்தோம். அதுல நீங்க கைய வச்சீங்க, மூணே நாள்ல எனக்கு மூச்சு முட்டிருச்சு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னைய மட்டும் மேம்படுத்திறாதீங்க. எனக்கு இன்னும் சாக மனசு வரல.”