படிக்காமல் ஒத்துக்கொள்ளாத மனிதர்

கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சாஃப்ட்வேரைப் போடும்போது பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓர் ஒப்பந்தம் வரும். அதற்குக் கீழே ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். இந்த உலகத்தில் அந்தப் பொத்தானை அமுக்கியவர்கள் கோடிப் பேர். ஒப்பந்தத்தைப் படித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கோயமுத்தூரில், கணபதியில், எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அதை எழுதிய வக்கீல்களே முழுசாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். இவர் படித்தார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். வீதியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்ரிமென்ட் அண்ணன் என்றால் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும். காந்திபுரத்தில் பம்புசெட் உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில், மகள் தேவி ஆசைப்பட்டாள் என்று வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு வாரம் மகள் உட்கார்ந்தாள், அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். அடுத்த வாரம் அண்ணன் உட்கார்ந்தார், மகள் பின்னால் நின்றாள். அதற்கப்புறம் அவளுக்கு அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கவேயில்லை.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினால், பாகங்களைப் பூட்டித் தரும் பையனே உலகத்தில் உள்ள சாஃப்ட்வேர் அத்தனையையும் காப்பியடித்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். கடையில் காய் வாங்கினால் கறிவேப்பிலை தருவார்களே, அந்த மாதிரி. அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. அண்ணன் மட்டும் நினைத்தார். அதே சமயம் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்கவும் அவருக்கு மனசு வராது. கையில் பிடித்துப் பார்க்க முடியாத பொருளுக்கு எதற்குக் காசு என்பது அவர் கட்சி. ஆகவே, செய்தவனே மனமுவந்து ‘இந்தா, சும்மா வைத்துக்கொள்’ என்று கொடுத்த சாஃப்ட்வேர் மட்டும்தான் அவர் வீட்டு வாசலைத் தாண்டும். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சி.டி.க்காகவே பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்குவார். பிரவுசிங் சென்டருக்கு ஒரு பை நிறைய ஃப்ளாப்பியோடு போவார்.

நான் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரரும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். வந்த அன்றைக்கே அண்ணன் பார்க்க வந்தார். திரையில் வரிசையாக நின்ற படங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஏனுங்க அம்மணி, இதுக்கெல்லாம் ரசீது இருக்குதுங்களா?”

“மிஷின் வாங்கினா இதெல்லாம் சும்மா போட்டுத் தர்றாங்கண்ணா.”

“அந்தப் பையன் சும்மா தந்தான், சரிங்க. அவனுக்குத் தந்தது யாருங்க?”

என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் அண்ணன் பையோடு வந்து, எங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தார்.

அவர் ஓர் இலவச சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டும். அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிப்பவர்கள் சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்ப்பார்கள் இல்லையா, அதில் கொஞ்சமும் குறையாது. செய்தவன் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பெயர் இல்லாத சரக்கு வேண்டாம். ஃப்ளாப்பியில் அடங்குகிறதா என்று பார்ப்பார். போடுவதற்கு வழி சொன்னவன் எடுப்பதற்கும் வழி சொல்லியிருக்கிறானா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் முதலில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் வைத்து, அது ஒழுங்காக நடந்துகொண்டால்தான் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்.

இதெல்லாம் எங்களுக்கும் சம்மதம்தான். ஒப்பந்தம்தான் உயிரை எடுத்தது. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் ஒரு குட்டி சாஃப்ட்வேர். அதன் ஒப்பந்தத்தை அண்ணன் கிரயப் பத்திரம் படிக்கிற குரலில் ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் அர்த்தம் சொல்லிக்கொண்டே போனார். புரியாத சொல் வந்தால் அகராதியை எடுத்தார். நடுவில் நான் குழம்பு கூட்டி இறக்கி வைத்துவிட்டு வந்தேன், அவர் இன்னும் இரண்டாம் பத்தியில் இருந்தார். அணு உலைகளை இயக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை வந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படி எதுவும் உத்தேசம் உண்டா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். இல்லை என்று அவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் மேலே படித்தார். கடைசியில் எங்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, “ரெண்டு பேருக்கும் சம்மதமுங்களா? அப்ப அமுக்கிப்போடறேன்” என்று அமுக்கினார். எங்கள் கல்யாணத்தில்கூட இவ்வளவு விவரமாக யாரும் கேட்கவில்லை.

சில சாஃப்ட்வேர்களைச் செய்தவர்கள், காசு வேண்டாம், பிடித்திருந்தால் உங்கள் ஊரிலிருந்து ஒரு பட அட்டை அனுப்புங்கள் என்று கேட்டிருப்பார்கள். உலகத்தில் அதையும் யாரும் அனுப்பியிருக்கமாட்டார்கள். அண்ணன் அனுப்புவார். திரையில் மணி காட்டும் ஒரு சாஃப்ட்வேருக்காக, ஆனைமலை மாசாணியம்மன் படத்தைப் பார்சலில் வரவழைத்து, அட்டையில் ஒட்டி, ‘தங்கள் கடிகாரம் எங்கள் வீட்டில் நன்றாக ஓடுகிறது’ என்று எழுதி, எந்த தேசத்திலோ இருந்த ஒரு புண்ணியவானுக்கு அனுப்பினார். அந்த ஆள் பதில் போட்டிருந்தார். படுத்திருக்கும் அந்த அம்மாளுக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்திருந்தார். அண்ணன் அதைப் படித்து நெகிழ்ந்துபோய், அம்மன் சயன கோலத்தில் இருப்பதை விளக்கி இன்னொரு அட்டை அனுப்பினார்.

வம்பு வந்தது ஒரு ஜாதக சாஃப்ட்வேரால்தான். தேவிக்கு வரன் பார்க்க ஆரம்பித்த நேரம். பிறந்த தேதியைப் போட்டால் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்லிவிடும். ஒரு மாதம் சும்மா பயன்படுத்தலாம், பிடித்தால் பணம் கட்டுங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள் என்பது ஒப்பந்தம். ஊரில் அதை யார் நீக்கினார்கள்? வருஷக்கணக்காக வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அதுவும் பேசாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அண்ணன், கெடு முடிந்த அன்றைக்கு, பார்க்க வேண்டிய ஜாதகங்கள் மேஜைமேல் கிடக்க, அதை நீக்கிவிட்டார்.

சரசக்கா, அதாவது அண்ணனின் சம்சாரம், நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். “பொண்ணப் பெத்தவனெல்லாம் ஜோசியக்காரனத் தேடி நாயா அலையறான். இந்த மனுசன் ஊட்டுக்கு வந்த ஜோசியக்காரனத் தொரத்தி உட்டுப்போட்டாரு” என்று உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக, கெடுவுக்குள் ஒரு ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் பெருந்துறைக்காரன், பெயர் செந்தில். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தேவிக்கு போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது என்பது, அவள் அந்த போட்டோவை யாரிடமும் திருப்பித் தராததிலிருந்து தெரிந்தது.

அண்ணனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கம்ப்யூட்டர்காரர் மாப்பிள்ளையாக வருகிறார், இனிமேல் ஒப்பந்தங்களைப் பேசிப் பகிர்ந்துகொள்ள வீட்டிலேயே ஆள் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். திரையில் மீன்கள் நீந்துகிற ஒரு இலவச சாஃப்ட்வேர் கிடைத்ததைப் படிக்காமல், பெண் பார்க்க வரும் அன்றைக்கு மாப்பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

பெண் பார்க்க வந்தார்கள். இனிப்பு, காரம், காப்பி எல்லாம் ஆயிற்று. துணைக்கு நானும் போயிருந்தேன். அண்ணன் வெட்கத்தோடு அந்த சி.டி.யை நீட்டினார். செந்தில் வாங்கி உள்ளே போட்டான். டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்டது. திரையில் மீன் நீந்தியது. கூடத்தில் எல்லோரும் ஆகா என்றார்கள். எம் பையன் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளே முடித்துவிட்டான் பார்த்தீர்களா என்று பையனின் அம்மா பூரித்துப்போனார். அண்ணன் மட்டும் மீனைப் பார்க்கவில்லை.

“அதுல என்னங்க எழுதியிருந்துது, தம்பி?”

“எதுலீங்க?”

“ஒத்துக்கறேன்னு அமுக்குனீங்களே, அதுக்கு மேலீங்க.”

“அதையெல்லாம் யாருங்க மாமா படிப்பாங்க?”

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. எல்லோரையும் இன்னொரு வாய் காப்பி குடிக்கச் சொல்லி உபசரித்தார். வாசல்வரை வந்து கும்பிட்டு, “கலந்து பேசிப்போட்டுத் தகவல் சொல்றமுங்க” என்றார். எங்கள் பக்கத்தில் அவ்வளவு மரியாதையாகச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று வந்தவர்களுக்குத் தெரியும். செந்திலின் முகம் தொங்கிப்போய்விட்டது. தேவி சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

வீதியே சிரித்தது. ஒரு பொத்தானை அமுக்கியதற்காக மாப்பிள்ளையை வேண்டாம் என்ற மனிதரை அதுவரைக்கும் யாரும் கண்டதில்லை. சரசக்கா அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டை வைக்கும்போது மட்டும் மகளிடம் ஜாடையாக, “சோத்தையும் படிச்சுப் பாத்துப்போட்டுத் திங்கச் சொல்லு” என்பார். நான் போய் நியாயம் கேட்டேன். வேலை, குணம், குடும்பம் எல்லாம் நன்றாக இருக்கிறதே, இது ஒரு குற்றமா என்றேன். அண்ணன் நெடுநேரம் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்ல பையந்தானுங்க அம்மணி. ஆனா, படிச்சுப் பாக்காம ஒத்துக்கறவருக்கு, எதை ஒத்துக்கிட்டோம்னு நாளைக்கு எப்பிடீங்க நெனப்பிருக்கும்? எம் புள்ள ஒருத்திதானுங்க.”

சிரிக்கலாம் என்று போனவள் சிரிக்காமல் திரும்பி வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் தேவி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு போன் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன். அடுப்பில் பாலே இல்லை. அவள் நிறையப் பேசவில்லை. “எங்கப்பா படிக்கறவருங்க. நீங்களும் படிச்சுப்போட்டு வாங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தில் தனியாக வந்து இறங்கினான். கையில் ஒரு ஃப்ளாப்பி. தேவி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள், நான் கரண்டியோடு ஓடினேன். கிணற்றின் ஆழத்தையும் தோட்டத்தின் அளவையும் சொன்னால் எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் வேண்டும் என்று சொல்கிற சாஃப்ட்வேராம். அண்ணனின் கடைக்காக அவனே எழுதியிருக்கிறான்.

அண்ணன் ஃப்ளாப்பியை வாங்கவில்லை. “இத எழுதறதுக்கு வெச்ச சாஃப்ட்வேருக்கு ரசீது இருக்குதுங்களா தம்பி?”

“ஆபீஸ்ல காசு குடுத்து வாங்குனதுங்க.”

“ஆபீஸ்ல கேட்டுப்போட்டுத்தான் செஞ்சீங்களா?”

“மேனேஜர்கிட்டக் கேட்டேனுங்க. சொந்த மாமனாருக்குன்னு சொன்னேன். சரின்னுட்டாருங்க.”

மாமனார் என்ற சொல் அண்ணன் காதில் விழாததுபோல் இருந்தார். ஃப்ளாப்பியைப் போட்டார். திரையில் ஒப்பந்தம் வந்தது. தமிழில். இலவசமாகக் கிடைத்த தமிழ் எழுத்துருவைத் தேடிப்பிடித்து, அவனே உட்கார்ந்து அடித்திருக்கிறான். கீழே ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ என்று இரண்டு பொத்தான்கள்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு பத்திரக் குரலில் ஆரம்பித்தார். இது இலவசம். யாருக்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். யாரும் இதை விற்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார். மறுபடி மனசுக்குள் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். ‘இதில் தப்பு இருந்தால் அது செய்தவனுடைய தப்பு. எத்தனை வருஷம் ஆனாலும் அவனே நேரில் வந்து சரி செய்து கொடுப்பான்.’

சரசக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இத்தன வருசமா இதையெல்லாம் படிச்சிருக்கறனுங்க. தப்பு வந்தா நாங்க பொறுப்பில்லைன்னுதான் எல்லாரும் எழுதியிருக்கறாங்க. எத்தனையோ பெரிய பெரிய கம்பெனிங்க. நாந்தான் பொறுப்புன்னு ஒருத்தரும் எழுதுனதில்லீங்க.” அண்ணன் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

பொத்தான்மேல் அம்பைக் கொண்டுபோனார். அமுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார்.

“கண்ணு, இங்க வா. இதை நான் ஒத்துக்கறது ஞாயமில்ல. நீ உக்காரு. பொறுமையாப் படி. வேண்டாம்னா வேண்டாம்னே அமுக்கு, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

தேவி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வரி படிக்கவில்லை. ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. திரையைப் பார்த்தாளா என்பதே சந்தேகம், செந்திலைத்தான் பார்த்தாள். டக்கென்று ‘சம்மதம்’ என்பதை அமுக்கிவிட்டாள்.

சரசக்கா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். அப்புறம் அவள் தலையில் கையை வைத்தார்.

“போச்சாது, பரவால்ல கண்ணு. அதுதான் அப்பா படிச்சுப்போட்டனே” என்றார். செந்தில் பக்கம் திரும்பி, “சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும், மாப்ளே” என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார். திரும்பி வர நேரமானது. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அந்த வீதியில் இருந்த வருஷங்களில் அந்தக் குறை எனக்குத் தெரிந்ததே இல்லை.