ஐஸ் அண்ணனின் சூடான கைப்பிடி

மட்டாஞ்சேரியில் மோட்டார் சைக்கிளுக்கு ஹீட்டர் மாட்டிய முதல் மனிதர் ஐஸ் அண்ணன். கடைசி மனிதரும் அவராகத்தான் இருப்பார். நின்ற இடத்திலேயே வேர்த்து ஊற்றுகிற ஊர் அது. சட்டை நனையாமல் ஒருவர் கடைவீதிக்கு வந்தால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அந்த ஊரில் ஒருவர் கை சூடாக வேண்டும் என்று வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் ஜனங்கள் சும்மா போவார்களா?

நான் அங்கே ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டடம் ஐஸ் ஃபாக்டரி. அண்ணன் அங்கே வேலை. அப்பா காலத்திலேயே தென்காசிப் பக்கமிருந்து வந்துவிட்ட குடும்பம். பேச்சைத் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். கோபம் வந்தால் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். அவருடைய நிஜப் பெயர் மனைவி செல்வி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்காவோ புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். ஆகவே ஊருக்கே அவர் ஐஸ் அண்ணன்தான்.

எந்தப் பொருளானாலும் தானே பிரித்து, தானே மாட்டுவார். மாட்டி முடித்ததும் இரண்டு மூன்று திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் சும்மா, வெறுதே போட்டது" என்று அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் நடந்தால் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை நடந்து போகிற சத்தம் கேட்கும்.

இந்த ஹீட்டர் விவகாரத்துக்குக் காரணம் ஒரு கல்யாணம். செல்வி அக்காவின் தங்கை மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அவள் மகளுக்குத் தை மாதத்தில், விடிகாலை முகூர்த்தம். அக்காவுக்கோ பஸ் ஆகாது. பஸ்ஸைப் பார்த்தாலே வாந்தி. கார் என்றால் அதைவிட மோசம். அதற்காகவே அண்ணன் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய ஒரு நெட்டையான டூரிங் வண்டியைப் பழசில் வாங்கி வைத்திருந்தார். காற்று முகத்தில் அடித்தால் அக்காவுக்கு ஒன்றும் செய்யாது.

ஆனால் அண்ணனுக்குச் செய்யும். பல வருஷமாக ஐஸ்கட்டி தூக்கின விரல்கள். கொஞ்சம் குளிர் பட்டாலும் வெளுத்து விறைத்து, மரக்கட்டையாகிவிடும். முந்தைய பனிக்காலத்தில் தங்கையைப் பார்க்க இருவரும் கிளம்பிப் போய், அடிமாலி தாண்டி ஒரு வளைவில் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காமல், வண்டி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. அங்கிருந்தே திரும்பி வந்துவிட்டார்கள். தங்கை சமைத்து வைத்துக் காத்திருந்ததைச் சொல்லிச் சொல்லி அக்கா அழுதார். இந்தத் தடவையும் பாதியில் திரும்பினால் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது.

"குளிர் உள்ள வர்றதில்ல தம்பி. சூடு வெளிய போகுது. அதைத் தடுத்தா மதி, அது போதும்" என்றார் அண்ணன். இடப்பள்ளிக்குப் போய் கைப்பிடிக்கான ஹீட்டர் கிரிப் வாங்கி வந்தார். ரப்பர் உறைக்குள்ளே சூடாகும் கம்பி வைத்த சமாச்சாரம். கடைக்காரர் "சேட்டா, லடாக் போகுன்னோ?" என்று மரியாதையாகக் கேட்டாராம். "தங்கச்சி மக கல்யாணம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடையிலேயே மாட்டித் தருகிறோம் என்றதற்கு, "என் வண்டி வயர்ல வேற ஒருத்தன் கத்தி வைக்கவோ?" என்று கேட்டுவிட்டாராம்.

முதல் சிக்கல், புது கிரிப் ஹாண்டில் மேல் ஏறவில்லை. அட்டைப்பெட்டியில் அதற்கான பசை ஒரு ட்யூபில் இருந்தது. "பசை போட்டா பின்னே கழட்ட முடியாது" என்று அதைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தாராளமாகத் தடவினார். கிரிப் ஒரே தள்ளில் ஏறியது. அதே வேகத்தில் சுற்றவும் ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு போகும். வண்டி பேசாமல் நிற்கும்.

"என்ன அண்ணே இது?"

"இங்க வழுக்கும். குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையுமா உறையாதா?"

"உறையும்."

"அப்ப மூணார்ல கல்லு மாதிரிப் பிடிச்சுக்கும். ஒரு குழப்பமும் இல்ல!"

அண்ணனிடம் அதுதான் தொல்லை. அவர் சொல்வது தப்பு என்று தெரியும். எங்கே தப்பு என்று தெரியாது.

அடுத்தது வயரிங். பேட்டரியிலிருந்து நேரே இழுத்தார். சாயங்காலம் சூடு வருகிறதா என்று பார்த்துவிட்டு, சுவிட்சை அணைக்க மறந்து தூங்கப் போய்விட்டார். காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. தெருப்பூனை ஒன்று ஹாண்டில் மேலே ஒட்டிக்கொண்டு, எழுப்பினாலும் இறங்க மாட்டேன் என்றது. அதற்குப் பிறகு, சாவி போட்டிருந்தால் மட்டும் ஹீட்டருக்கு மின்சாரம் போகிறபடி ஒரு ரிலே வைத்தார். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வலது பக்க வயரைக் குட்டையாக, ஆக்ஸிலரேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். இடப்பக்கம் ஹாண்டிலைத் திருப்பினால் வயர் இழுத்து, வண்டி உறுமிக்கொண்டு பாயும். மட்டாஞ்சேரி ஆடுகள் லாரிக்கே வழிவிடாத ஜாதி. அன்றைக்கு அண்ணன் முதல் கியரில் ஊர்ந்து வந்து சந்து திரும்புவதைப் பார்த்து, குட்டிகளைக்கூட விட்டுவிட்டு ஓடின.

வயரை நீளமாக்கிக் கட்டியாயிற்று. இனிச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேர்க்கிற ஊரில் குளிருக்கு எங்கே போவது? மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, வண்டியை ஐஸ் ரூமுக்குள் உருட்டிக்கொண்டு போய்விட்டார் அண்ணன். பாரம் சரியாக இருக்க வேண்டுமே என்று சாப்பாடு கொண்டுவந்த செல்வி அக்காவையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். அக்கா கையில் தூக்குச்சட்டி. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காவல் நின்றேன்.

சற்று நேரத்தில் எண்ணெய் உறைந்தது. அண்ணன் முறுக்கினார். கிரிப் வழுக்காமல் பிடித்தது. இன்ஜின் ஜோராகச் சத்தம் போட்டது. "நான் பறஞ்சேன்ல்ல!" என்று கூவினார். விரல்கள் வெளுக்கத் தொடங்கியதும் ஹீட்டரைப் போட்டார். அங்கேதான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கை சூடானது, எண்ணெயும் சூடானது. முறுக்கினால் கிரிப் சுற்றியது, பப்படம் பொரிக்கிற வாசனை வந்தது. ஹீட்டரை அணைத்தால் கிரிப் பிடிக்கிறது, விரல் பிடிக்கவில்லை. ஹீட்டரைப் போட்டால் விரல் பிடிக்கிறது, கிரிப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார். ஐஸ்கட்டிகளுக்கு நடுவே தம்பதி சமேதராக வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"எந்தா இது? எங்ஙோட்டா யாத்ர?"

"மூணார் வரைக்கும் மொதலாளி" என்றார் அண்ணன், இறங்காமலே.

முதலாளி திட்ட வாயெடுப்பதற்குள் அக்கா மூக்கை உறிஞ்சினார். "இது என் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயாச்சே! பாட்டில் எப்படிக் காலியாச்சுன்னு ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்!" என்று தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். அதற்குமேல் முதலாளி பேசத் தேவைப்படவில்லை. கடைசியில் அவரே சிரித்துவிட்டு, வண்டியை வெளியே தள்ள ஒரு கை கொடுத்தார். அன்று சாயங்காலம் அக்கா பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு ஹாண்டிலைத் தேய்த்துக் கழுவித் துடைக்க, அண்ணன் முதலில் தள்ளிவைத்த பசையையே தடவி கிரிப்பை ஏற்றினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, அண்ணன் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். மறுநாள் என் கணக்கில் ஒரு கூட்டல்கூடச் சரியாக வரவில்லை. அந்த வளைவு, அந்தப் பள்ளம் என்று மனது அடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "நேரத்துக்குப் போயிட்டீங்களா அண்ணே? கிரிப் எப்படி?"

"சூப்பர். ஒரு குழப்பமும் இல்ல" என்றார். ஆனால் விரல்களெல்லாம் சிவந்து வீங்கியிருந்தன. நான் அக்காவைப் பார்த்தேன்.

"எங்க தம்பி இவரு பிடிச்சாரு? மலை ஏற ஏற, நாலு வளைவுக்கொரு தடவை வண்டிய நிறுத்திட்டு, 'நீ முன்னாடி வந்து பிடி'ன்னு என்னைய உட்கார வச்சிருவாரு. என் கை சூடாகுற வரைக்கும் இவரு ரோட்டோரத்துல கைய அக்குள்ல வச்சிக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிப்பாரு. கடைசியில மேளச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இறங்கினோம். தாலி கட்டுறதைப் பார்த்துட்டேன், அது போதும்."

எனக்குக் கோபமே வந்தது. "என்ன அண்ணே இது? இத்தனை பாடு பட்டது உங்க கைக்குத்தானே?"

அண்ணன் வழக்கம்போல விளக்க ஆரம்பித்தார். "நீ கணக்குப் பாரு தம்பி. என் கை விறைச்சா, வண்டிய நிறுத்தித் தேய்ச்சுக்கிடலாம். அவ பின்னாடி என்னைப் பிடிச்சுக்கிட்டுதான வர்றா? அவ கை விறைச்சுப் போயி, எனக்குத் தெரியாம பிடிய விட்டுட்டான்னா, பின்னே நான்..."

அக்காவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "வா, சாயா குடிக்கலாம்" என்று முன்னால் நடந்துவிட்டார். எதற்கும் ஒரு காரணம் சொல்லி முடிக்காமல் விடாத மனுஷன், பாதியில் நிறுத்தி நான் கேட்டது அந்த ஒன்றுதான். அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.