அழிந்துவரும் ஒரு செடியும் என் பி.எஸ்சி.யும்

பட்டம் வாங்கிய புதிதில் ஆறு மாதத்துக்கு ஒரு வியாதி இருக்கும். யாராவது மணி கேட்டால், கடிகாரத்தைக் கண்டுபிடித்த கதையில் இருந்துதான் பதில் ஆரம்பமாகும். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த நேரத்தில்தான் கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அதே மலையில் இருக்கும் பூண்டியில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பி.எஸ்சி. தாவரவியல். அப்பாவுக்கு வெள்ளைப்பூண்டும் கேரட்டும் முட்டைக்கோசும் விவசாயம். படிப்பு பத்தாம் வகுப்பு (மூன்று முறை எழுதியும் அது அவரை விடவில்லை). நான் புத்தகத்தைக் கையில் எடுத்த நாள் முதல், "படிக்கிற பிள்ளைக்குத் தோட்டத்துல என்ன சோலி?" என்று வரப்பை மிதிக்கவே விட்டதில்லை. பிறகு பழனியில் ஹாஸ்டல். செடிகளைப் பற்றிப் படிப்பதற்காக, செடிகளிடம் இருந்து பத்திரமாகத் தள்ளி வைத்து வளர்க்கப்பட்டவள் நான்.

வேலை இதுதான்: விருந்தினர்களை ரிசார்ட்டைச் சுற்றி நடத்திக்கொண்டு போய், மரம் செடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேர்காணலும் அந்த நடையேதான். அன்று அதே ரிசார்ட்டின் சமையலறைக்கு அப்பா காய்கறி இறக்க வேண்டியிருந்ததால், முட்டைக்கோசோடு என்னையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியில் டீக்கடையில், "மக டிகிரி முடிச்சிருக்கா. செடிக்கெல்லாம் டாக்டரு மாதிரி" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார்.

மேனேஜர் ஜெரால்டு சாரும், மதுரையில் இருந்து வந்திருந்த ஒரு குடும்பமும் என் பின்னால் நடந்தார்கள். மூட்டை இறக்கி முடித்த அப்பா, துண்டால் முகத்தைத் துடைத்தபடி கடைசியில் சேர்ந்துகொண்டார். யூகலிப்டஸ், பைன் எல்லாம் நன்றாகவே போயின. நான் ஒவ்வொரு லத்தீன் பெயராகச் சொல்லச் சொல்ல, அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

சமையலறைக்குப் பின்புறம் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி நின்றது. உச்சியில் குடை விரித்தாற்போல வெள்ளைப் பூங்கொத்து. மதுரை அம்மா ஒருவர், "இது என்ன செடிம்மா?" என்று கேட்டார்.

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

"இது ரொம்ப அபூர்வமான மூலிகைங்க. இந்த மலையில மட்டும்தான் இருக்கு. அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம்" என்றேன்.

அந்த அம்மா ஆசையாகக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க மேடம்!"

கரண்ட் அடித்தது போல் கையை இழுத்துக்கொண்டார். அவர் கணவர் நாலாபக்கமும் நின்று போட்டோ எடுத்தார். ஜெரால்டு சார் உடனே போனை எடுத்து, "கிச்சன் பின்னாடி அர்ஜென்ட்டா ஒரு ஃபென்சிங் போடணும்" என்றார்.

"ஏத்தா..." பின்னால் இருந்து அப்பா மெல்லக் கூப்பிட்டார்.

"சும்மா இருங்கப்பா."

"இல்லத்தா, அது வந்து..."

"அப்பா! மூணு வருசம் படிச்சிருக்கேன்."

அப்பா ஓரடி பின்வாங்கினார். ஆனால் ஜெரால்டு சார் வனத்துறைக்குச் சொல்லிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்ததும் அவரால் தாங்க முடியவில்லை. விறுவிறு என்று முன்னால் வந்து, செடியின் அடியைப் பிடித்து ஒரே இழுப்பு.

"ஐயையோ!" என்று அலறினார் மதுரை அம்மா.

மண் உதிர உதிர, விரல் தடிமனில் ஆரஞ்சு நிறக் கிழங்கு ஒன்று அப்பாவின் கையில் தொங்கியது. எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் வீசுகிற அதே வாசனை.

"கேரட்டுங்க" என்றார் அப்பா, என்னவோ தப்பு தன்னுடையது போல. "புடுங்காம விட்டா மறு வருசம் இப்படிப் பூத்துரும். நாங்க பூக்க விடமாட்டோம். அதான் பிள்ளை பாத்ததில்ல."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஆனால் அங்கே கேரட் அளவுக்குத்தான் குழி இருந்தது.

முதலில் சிரித்தது ஜெரால்டு சார். அப்புறம் மதுரைக் குடும்பம் மொத்தமும். சிரித்து ஓய்ந்ததும் எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பூண்டை எப்படிக் காய வைப்பது, காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்தால் என்ன செய்வது என்று அரைமணி நேரம் கேள்வி. நான் ஓரமாக நின்று யூகலிப்டஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, சனி ஞாயிறு நீங்களே வந்து கெஸ்ட்டுக்குச் சொல்லுங்களேன்" என்றார் ஜெரால்டு சார்.

வேலை போனதே, அதுவும் அப்பாவுக்கே போனதே!

"எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்குங்க. இந்தப் பிள்ளையவே வச்சுக்கங்க. படிச்ச பிள்ளை, ஒருக்கச் சொன்னாப் போதும், மறக்காது" என்றார் அப்பா.

(மறக்குமா?)

எப்படியும் டிகிரி இல்லாதவருக்கு அந்த வேலையைத் தர அங்கே விதி இல்லையாம். தெரிந்தவரிடம் பட்டம் இல்லை, பட்டம் உள்ளவளுக்குத் தெரியவில்லை. ஜெரால்டு சார் பாவம், என்ன செய்வார்? "சர்டிபிகேட் ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்க. நெக்ஸ்ட் மன்த் ஜாயின் பண்ணலாம். அதுவரைக்கும் அப்பா தோட்டத்துல ட்ரெயினிங்" என்றார். மறுநாள் வெள்ளனே, வாழ்க்கையில் முதல் முறையாக, எங்கள் சொந்த வரப்பை மிதித்தேன்.

இன்று அதே ரிசார்ட்டில் என் கீழ் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். நால்வரும் பட்டதாரிகள். அந்தத் தாள் இல்லாமல் நானும் உள்ளே நுழைந்திருக்க முடியாது என்பதை மறுக்கமாட்டேன்.

வடகவுஞ்சியில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "பாட்டனிங்க. கேரட்டத் தவிர மத்ததெல்லாம் படிச்சிருக்கு."

அந்த அம்மாதான் இப்போது என் மாமியார். மருமகள் படிப்பைப் பற்றி யார் விசாரித்தாலும், ஒரு சொல் மாறாமல் அவரும் அதையேதான் சொல்கிறார்.