நேரம் போடாத பட்டியல்

ஆடுகோடி, பெங்களூரு
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. குணசேகர் அவர்களுக்கு, குடியாத்தம் பாலசுப்ரமணியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் மகன் மதியழகனும் தங்கள் மகள் சௌம்யாவும் நானும் நலம். அங்கே ராபர்ட்சன்பேட்டையில் தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று வழக்கப்படி எழுதிவிட்டேனே தவிர, அது எவ்வளவு தூரம் உண்மை என்பது என்னைவிடத் தங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தங்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம், ஆனால் போனில் தாங்கள் என்னைப் பேச விடுவதில்லை.

குடியாத்தம் பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். நோட்டில் எழுதிவிட்டு நான் கையைக் காட்டினால்தான் வண்டி கிளம்பும். அப்படிப்பட்டவனை மூன்று வாரத்துக்கு முன்னால் என் மனைவி சீதாலட்சுமி திடீரென்று பெங்களூருக்குப் போய்ப் பையனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரச் சொன்னாள். தனக்கு முழங்கால் வலி என்றாள். போய் அவனிடம் எதையும் கேட்கக் கூடாது என்றும் சொன்னாள். எதையும் கேட்கக் கூடாது என்றால் எதற்குப் போக வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வந்து இறங்கினால், வீட்டிலிருந்தே வேலை செய்கிறான் என்று சொல்லப்பட்ட என் மகன் காலை பத்து மணி வரை படுத்திருக்கிறான். பிரிட்ஜ் கதவில் தங்கள் மகள் கையெழுத்தில் ஒரு காகிதம். ஜன்னலைத் திறப்பது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, கேட் வரை நடப்பது. அவ்வளவுதான். கீழே, முடியாத நாளில் பாதி செய்தால் போதும், அதுவும் முடியாவிட்டால் நாளைக்கு என்று வேறு எழுதியிருந்தது. முப்பத்திரண்டு வயது இன்ஜினியருக்கு இது பட்டியல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்த வரிக்கும் நேரம் போடவில்லை, சம்பந்தி. நேரம் போடாத பட்டியலை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து நாள் இருந்தேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் முடியாமல் போய், ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பட்டியலைச் சீர் செய்தேன். ஜன்னல் ஐந்து பத்து. தண்ணீர் ஐந்து பன்னிரண்டு. நடை ஐந்து பதினைந்து. கேட் என்பதை அடித்துவிட்டுக் கோரமங்களா பூங்கா என்று எழுதினேன். இவர்கள் வீட்டில் பேசினால் பதில் சொல்லும் உருண்டைப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதனிடம் என்னை ஐந்து பத்துக்கு எழுப்பு என்று தமிழில்தான் சொன்னேன். அது என்ன புரிந்துகொண்டதோ, வெள்ளிக்கிழமை சரியாக ஐந்து பத்துக்குக் கல்யாண நாதஸ்வரத்தை உச்சக் குரலில் வைத்தது. நிறுத்து என்றேன், ஸ்டாப் என்றேன், கன்னடத்தில் வேண்டும், வேண்டாம் என்பதற்கு உள்ள பேக்கு, பேடா என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மேல் வீட்டு ரத்தினம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்து, யாருக்குக் கல்யாணம், சொல்லவே இல்லையே என்று விசாரித்தார். வேறு வழியில்லாமல் சுவரில் இருந்த பிளக்குகளையெல்லாம் பிடுங்கினேன். அதில் ஒன்று இன்டர்நெட்டுக்குப் போவதாம். ஏழு மணிக்குச் சௌம்யா அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங்கில் உட்கார்ந்து, யாருமே இல்லாத இடத்தில் பத்து நிமிஷம் பேசியிருக்கிறாள். பத்து மணி வரை காரணம் தெரியாமல் வீடே தேடியது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தங்களிடம் மட்டும் இதை ஒப்புக்கொள்கிறேன்.

அத்தனை கலவரத்திலும் பையன் எழுந்து ஜன்னலைத் திறந்தான், தண்ணீர் குடித்தான், தெருமுனை வரை வந்தான். நான் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இவ்வளவு சுலபமான விஷயத்தை இவர்கள் ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை பூங்கா. பாதி வழியில் பையன் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். காலை நேரக் குளிரில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. எட்டு நிமிஷம் லேட், எழுந்திரு என்றேன். பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து அவனை உட்காரவைத்துவிட்டு, என்னைப் பார்த்து, நிதானா சார், நிதானா என்றார். ஆட்டோவில் திரும்பினோம். வழியெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் அறைக் கதவு திறக்கவில்லை. திங்களும் திறக்கவில்லை. அரை மணிக்கு ஒருதரம் நான் தட்டினேன். சௌம்யா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், இவனுக்கு ஆபீஸ் கிடையாதா என்று அவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். தங்கள் மகள் அடுப்பை அணைத்தாள். என் எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அவருக்கு வேல போயி அஞ்சு மாசம் ஆச்சு மாமா. வேல போனதுகூட பெருசில்ல. அதுக்கு முன்னாடியே தூக்கம் போச்சு. அப்புறம் நாப்பது நாள் செவத்த பாத்து படுத்துட்டே இருந்தாரு. டாக்டர் மாத்திர குடுத்து, சின்னதா ஆரம்பிங்கன்னாரு. அந்த ஜன்னல தெறக்கவே பதினோரு நாள் ஆச்சு. கேட் வரைக்கும் போன அன்னிக்கி எங்கப்பாவுக்கு போன் பண்ணி அழுதேன்" என்றாள்.

ஆக, தங்களுக்குத் தெரியும். குடியாத்தத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கும் தெரியும். அவளுக்குப் போன் செய்து கேட்டேன். அழுதாள். பெற்ற தகப்பன் எனக்குத்தான் கடைசியில். அந்தக் கோபத்தோடு போய் அவன் கதவருகே நின்று, என்னிடம் ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன்.  கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே, "உனக்குச் சொன்னா நீ டைம் போடுவப்பா" என்றான்.

கோபத்தோடு போனவனுக்கு அதன்பின் நிற்க இடமில்லை. பஸ் ஏறி மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. எந்த வண்டி எப்போது போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, என் சிவப்பு மையை வெள்ளை மை வைத்து அழித்தேன். கடைப் படியில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த பிள்ளையை எழுந்திரு என்று சொன்ன வாய், சம்பந்தி, இது. நேற்று அவன் கதவு திறந்ததும் சௌம்யா எனக்கும் ஒரு வரி எழுதி ஒட்டினாள். பால்கனியில் மதி பக்கத்தில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருவது. ஒன்றரை நிமிஷம் முடிந்தது. பிறகு அந்த மரம் என்ன மரம் என்று கேட்டேன். அவன் சொன்னான். அதற்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டான். பாதி செய்தால் போதும் மாமா என்று தங்கள் மகள் எனக்குச் சமாதானம் சொன்னாள். எனக்குப் பாதிகூட வரவில்லை.

ஆகவே நான் எடுத்த முடிவு. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஊருக்குக் கிளம்புகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த தங்களுக்கு இருட்டில் பொறுமையாக உட்காரத் தெரியும். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. தாங்கள் வந்து அவனோடு இருங்கள். அவன் தங்களிடம் பேசுகிறான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் பொறாமை உண்டு, மறைக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் அவன் எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், எனக்கும் ஒரு வார்த்தை தெரிவியுங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் என்றும் குறையாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பாலசுப்ரமணியன்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை எழுதுவது. நேற்று சாயங்காலம் நான் இந்தக் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது மதி வெளியே வந்தான். "முடி வெட்டணும்ப்பா. கூட வர்றியா?" என்றான். பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. போனோம். சலூனில் எங்களுக்கு முன்னால் நாலு பேர். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவன் முறை வந்தபோது அடுத்தவரைப் போகச் சொன்னேன். அதற்கடுத்தவரையும் போகச் சொன்னேன். ஆகவே மேலே எழுதியதில் நான் ஊருக்குப் போவது, தாங்கள் வந்து பொறுப்பேற்பது, பொறாமை ஆகிய எல்லாம் ரத்து. டிக்கெட்டும் ரத்து. மறுபடி எழுதப் பொறுமையில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். திரும்பும்போது பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கினோம். அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான், மூன்றாவது வேண்டும் என்று கேட்டான். சௌம்யாவுக்கு இன்னும் தெரியாது. இந்தச் செய்தி முதலில் எனக்குத்தான் தெரியும், சம்பந்தி. தங்களுக்கு இரண்டாவதாகத் தெரிவிக்கிறேன்.