பதினோரு தலைவர்களும் ஒரு கொடிக்கயிறும்

மனிதகுலம் இதுவரை படைத்த இலக்கியங்களிலேயே உன்னதமானது எது? சற்றும் யோசிக்காமல் சொல்லலாம்: கல்லூரிக் கடைசி வருடப் பிள்ளைகளின் ரெஸ்யூமே. ஒரே பக்கம்தான். அதற்குள் ஒரு மகானின் வாழ்க்கை வரலாறே அடங்கிவிடும். என்ன, மகானுக்கு வயது இருபத்தொன்று.

நம் கதாநாயகிக்கும் அதே வயது. பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் கிடப்பதால் வகுப்பில் அவள் பெயரே ‘ஸ்பேனர்’ ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவளுக்கு நேர்முகத் தேர்வு. வேலை கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. சித்தப்பா தங்கமான மனுஷர். ஆனால் காலையில் வாயைத் திறந்தாரானால் ராத்திரி ஷட்டரை இறக்கும்போதுதான் மூடுவார்.

அவள் எழுதிக்கொண்டு போன தாளைக் கல்லூரியின் வேலைவாய்ப்பு சார் விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார்.

“என்னம்மா இது, உள்ளதை உள்ளபடி எழுதி வச்சிருக்க?”

“உள்ளது அவ்வளவுதான் சார்.”

“வீட்ல என்ன பண்ணுவ?”

“அம்மாவுக்குக் கடைக்குப் போய்ட்டு வருவேன்.”

“‘கொள்முதல் மேலாண்மை.’ எழுது. அப்புறம்?”

“தம்பிகூட சண்டை போடுவேன்.”

“‘முரண்பாடுகளைக் கையாளுதல்.’ அடேங்கப்பா, எவ்வளவு திறமையை ஒளிச்சு வச்சிருக்க! புராஜெக்ட் என்ன?”

புராஜெக்ட், மழை வந்தால் கொடியில் காயும் துணியைத் தானே வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் இயந்திரம். ஈரம் பட்டால் போதும், இழுத்துவிடும். துவைத்த துணியும் ஈரம்தான் என்பதை மட்டும் அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழுவில் பதினோரு பேர். ஒயரைப் பற்றவைத்தது, மோட்டாரை மாட்டியது, கையைச் சுட்டுக்கொண்டது எல்லாம் ஸ்பேனர். மற்ற பத்துப் பேரும் ‘ஊக்கம் அளித்தார்கள்’.

“ஒயர் வேலையெல்லாம் நான்தான் சார் பண்ணேன்.”

“ஐயையோ! வேலை செஞ்சேன்னு போட்டா வேலை கிடைக்காதும்மா. ‘குழுவுக்குத் தலைமை தாங்கினேன்’னு போடு.”

பொன்னான அறிவுரை. சார் பாரபட்சம் பார்க்காதவர். அதையே மற்ற பத்துப் பேருக்கும் வாரி வழங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கம்பெனி அதிகாரி அவள் தாளைப் படித்தார். மேஜையில் கிடந்த பத்துத் தாள்களையும் ஒருமுறை புரட்டினார்.

“நீங்களும் தலைவரா? இதோட பதினொண்ணு. ஒரு கொடிக்கயிறு, பதினோரு தலைவர். அப்ப வேலையை யாருங்க பாத்தது?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. போனால் போகிறது என்று உடைத்துவிட்டாள்.

“நான்தான் சார். தலைவரெல்லாம் இல்ல. எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன்.”

“மத்த பத்துப் பேரும் கடைசி வரைக்கும் நான்தான் தலைவர்னு அடிச்சுச் சொன்னாங்களே!”

“தெரியல சார். ஒயர் எந்த கலர்னு கேட்டுப் பாருங்க.”

அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். “இப்படி வெளிப்படையாப் பேசுற ஆளை நான் பாத்ததே இல்லம்மா.” அன்று அவள் வீட்டுக்குக் கால் தரையில் படாமல் போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஓடி வந்து பக்கத்தில் நின்றாள்.

‘தங்கள் ரெஸ்யூமேயில் பொய்த் தகவல் இருப்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள். எமது நிறுவனம் நேர்மையில் சமரசம் செய்துகொள்வதில்லை. மற்ற பத்துப் பேரிடம் இக்குறை காணப்படாததால் அவர்கள் பணியில் அமர்த்தப்பட்டுள்ளனர்.’

“என்னடி போட்டிருக்கு? சொல்லித் தொலையேன்!”

“பதினோரு பேர்ல நான் ஒருத்திதான் பொய் சொன்னேனாம்மா.”